முதியோரின் அன்றாட அலுவல்களும் பஞ்சாயத்தின் கடமையும்

(சங்கரன்கோவிலில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, கண்மாய் மராமத்து ஆகியவற்றைப் பற்றி நாம் பன்முறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போல மதிப்பீட்டுத் தாளில் அடங்குவதன்று. நம் ஊர்களிலுள்ள முதியோர் தம் அன்றாட அலுவல்களைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றலை எவ்வாறு இழக்கின்றனர், இழந்ததை எவ்வாறு மீண்டும் பெறுகின்றனர், இவ்விரண்டிற்கும் நடுவே பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள். "மீண்டும் பெறுவதாவது! வயதான பின் போனது போனதுதானே?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணந்தான் நம் முதியோருக்குப் பெருந்தீங்கு செய்து வருகிறது. அதைப் போக்குவதற்காகவே இன்று உங்கள் நேரத்தைச் சிறிது கேட்கிறோம்.

நம் நாட்டில் 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று தமிழ்நாட்டில் அது 70ஐத் தாண்டிவிட்டது. 1962 ஏப்ரல் முதல் நாளன்று மாதம் 20 ரூபாய் வீதம் முதியோர் உதவித்தொகை இம்மாநிலத்தில் தொடங்கப்பெற்றபோது ஓர் ஊரில் முதியவர் எவரெவர் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேருக்கு 10 பேர் 60 வயதைக் கடந்தவராயிருந்தனர். 2031இல் இது 18 பேராகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. இது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்ட நம் கரிசல் ஊர்களில், பகற்பொழுதில் ஒரு தெருவின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை நடந்து பார்ப்பவருக்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. திண்ணைகளே சொல்லும்.

ஆனால் வயது மட்டும் ஒருவருடைய நிலையைக் காட்டுவதில்லை. 80 வயதில் ஆட்டுக்குக் குழை ஒடித்துவரும் பெரியவரும் உண்டு. 62 வயதில் கட்டிலை விட்டு இறங்க இயலாதவரும் உண்டு. நோயின் பெயரும் முழுமையாகக் காட்டாது. இருவருக்கும் ஒரே மூட்டுவலி. ஒருவர் பூப்பறிக்கச் செல்கிறார், மற்றவர் வாசற்படியைத் தாண்டுவதில்லை. எனவே, "என்ன நோய்?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன செய்ய முடிகிறது?" என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவ அறிஞர் கண்டனர். அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து நகரில் சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும், இடுப்பெலும்பு முறிந்த முதியோர் முதலானோரைக் கூர்ந்து கவனித்து, 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீர் மலங்களை அடக்கிக்கொள்ளுதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களே அந்த அளவுகோல். இந்த ஆறும் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் நழுவுகின்றன என்று அவர்கள் கண்டனர். முதலில் கைவிட்டுப் போவது குளியல். கடைசியில் போவது உண்ணுதல். திரும்பி வரும்போது உண்ணுதல் முதலில் வருகிறது, குளியல் கடைசியில் வருகிறது. குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையைப் போலவே. ஆகவே, ஒரு பாட்டி தாமாகக் குளிப்பதை நிறுத்திவிட்டார் என்னும் செய்தி எட்டினால், அதை வீட்டுச் செய்தி என்று தள்ளிவிடக் கூடாது. அது முதல் மணியோசை.

1969இல் லாட்டன், பிராடி என்னும் இருவர் கடைக்குச் செல்லுதல், சமைத்தல், துணி வெளுத்தல், மருந்தை வேளைக்கு உட்கொள்ளுதல், பணங்காசைக் கையாளுதல் போன்றவற்றையும் ஒரு பட்டியலாக்கினர். இவை ஆறைக் காட்டிலும் முன்னரே தளரத் தொடங்கும் செயல்கள். இதிலொரு வேடிக்கை உண்டு. சமையல், வீட்டு வேலை, துணி வெளுத்தல் ஆகியவற்றை ஆடவரிடம் கேட்க வேண்டாம் என்று அவர்களே முதலில் விலக்கு வைத்திருந்தனர். அந்த விலக்கு இல்லாவிடில் நம் வட்டாரத்து ஆடவருள் பெரும்பாலோர் 25 வயதிலேயே இயலாதோர் பட்டியலில் ஏறிவிடுவர்! கேள்வி கேட்பவர், "செய்வதில்லை" என்பதையும் "செய்ய இயலவில்லை" என்பதையும் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

நம் நாட்டிலும் இத்தகைய கணக்கு எடுக்கப்பட்டுள்ளது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017–18இல் 45 வயதும் அதற்கு மேலுமான சுமார் 72,000 பேரைக் கண்டு ஆய்ந்து, அறிக்கையை 2021 ஜனவரியில் வெளியிட்டது. 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அன்றாட அடிப்படைச் செயல்களுள் ஒன்றிலேனும் இடர்ப்பாடு உண்டு; கடைக்குச் செல்லுதல், பணம் கையாளுதல் போன்ற இரண்டாம் வகைச் செயல்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இடர்ப்பாடு உண்டு. ஆடவரைவிடப் பெண்டிருக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் இது மிகுதி. பெண்கள் ஆடவரினும் நீண்டு வாழ்கின்றனர். ஆனால் அந்த மிகுதியான ஆண்டுகளைப் பிறர் கையை எதிர்பார்த்தே கழிக்க நேர்கிறது.

நால்வரில் ஒருவர் என்பது ஒரு காலத்தில் எடுத்த புகைப்படம் போன்றது. புகைப்படத்தில் கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். உண்மையில் மடை வழியே வெளியேறுகிறது, ஓடை வழியே வந்தும் சேர்கிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் டாக்டர் தாமஸ் கில் என்பவர் 1998இல் தொடங்கிய ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. 70 வயதும் அதற்கு மேலுமான, பிறர் உதவியின்றித் தம் அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருந்த 754 பேரை அவர் குழுவினர் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து, "குளிக்க, உடுத்த, நடக்க, நாற்காலியிலிருந்து எழ உதவி தேவைப்படுகிறதா?" என்று கேட்டு வந்தனர். ஆண்டுக்கொருமுறை கேட்டிருந்தால் தெரியாத ஒன்று மாதந்தோறும் கேட்டதால் தெரிந்தது. புதிதாக இயலாமைக்கு ஆளானவர்களில் பத்துக்கு எட்டுப்பேர் ஓராண்டிற்குள் மீண்டும் தாமே இயங்கத் தொடங்கினர் என்று 2004இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. மீண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதமேனும் அந்நிலையில் நிலைத்தனர். மற்றவர் மறுபடி தளர்ந்தனர். ஆக, முதியவரின் இயலாமை ஒருவழிச் சாலையன்று. போவதும் வருவதுமாயிருக்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை என்பீர்கள். உண்மைதான். 2006இல் சிக்குன்குன்யா காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவிற்குத் தெரு மக்கள் கைகால் மடக்க இயலாமல் கட்டிலில் கிடந்தனர். தலைவார இயலவில்லை; கும்பாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. சில மாதங்கள் சென்றபின் அவர்களுள் பலர் களையெடுக்கப் போனார்கள். சிலர் மட்டும் அன்று படுத்த கட்டிலோடு நின்றுவிட்டனர். காய்ச்சல் ஒன்று, முடிவு இரண்டு. இந்த வேறுபாட்டிற்கு வயதும் பிற நோய்களும் காரணமென்றாலும், காய்ச்சல் தணிந்த பின்னைய சில வாரங்களில் அவர்கள் எழுப்பி நடத்தப்பட்டனரா, படுக்க வைக்கப்பட்டனரா என்பதும் பெருங்காரணமாகும்.

படுக்கை எவ்வளவு விரைவில் உடலைத் தின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு சான்று. நல்ல உடல்நலமுடைய முதியோர் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்க ஆய்வாளர் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டனர். நோயொன்றும் இல்லை; உணவிலும் குறைவில்லை. ஆயினும் பத்தே நாளில் அவர்கள் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. அவ்வாறாயின், காய்ச்சலிலும் கஞ்சியிலும் ஒரு மாதம் கிடந்த நம் ஊர்ப் பெரியவரின் கால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 90 வயதான பத்துப்பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைதூக்கும் பயிற்சி அளித்தபோது, கால்வலிமை இரண்டரை மடங்கிற்கும் மேலாயிற்று என்று மரியா ஃபியடரோன் என்னும் பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் 1990இல் அறிவித்தனர். தொண்ணூற்றிலும் தசை கேட்ட வேலைக்கு விடை சொல்கிறது.

நாடு முழுவதற்குமே இந்த நிலை மாறக்கூடியது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில் நாட்பட்ட இயலாமை உடையோர் 1982இல் 100க்கு 26 பேர். 1999இல் 20க்கும் சற்றுக் குறைவு. கல்வி, கண் அறுவை, நல்ல குளியலறை, கைப்பிடி, ஊன்றுகோல் எல்லாம் கூடி இது நேர்ந்தது என்பர். நம் பக்கத்தில் இது தானாகவே நேரும் என்று நம்பிவிடலாகாது. இன்று 45 வயதிலிருக்கும் விவசாயிகளுள் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உடையவர் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள். கவனியாமல் விட்டால், இவர்கள் முதுமை இவர்களுடைய தந்தையரின் முதுமையைவிடத் தளர்ந்ததாகவே இருக்கும்.

இனி நம் கையிலுள்ளவற்றிற்கு வருவோம்.

முதலில் கழிப்பறை. 2014இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் வாயிலாக வீடுதோறும் கழிப்பறை கட்ட நாம் எல்லோரும் பாடுபட்டோம். அவற்றுள் மிகப்பல, குந்தி உட்காரும் பீங்கான் பதித்தவை. முழங்கால் மடங்காத மூதாட்டிக்கு அது இருந்தும் இல்லாததே. அவர் என்ன செய்கிறார்? போக வேண்டுமே என்றஞ்சிச் சாப்பாட்டைக் குறைக்கிறார், தண்ணீரைக் குறைக்கிறார். உடல் தளர்கிறது, தலை சுற்றுகிறது, விழுகிறார். பிறகு நாம், "வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்" என்கிறோம். வயதன்று, பீங்கானே அவரை வீழ்த்தியது. பீங்கானுக்கு மேல் வைத்துக்கொள்ளும் துளையிட்ட நாற்காலி ஒன்றும், சுவரில் பதித்த ஒரு முழ இரும்புக் குழாயும் இதற்குப் போதும். குழாயை உட்கார்ந்தபடி கையெட்டும் உயரத்தில் பதிக்க வேண்டும். நிற்பவர் தோளுயரத்தில் பதித்து, "கைப்பிடி வைத்தாயிற்று" என்று கணக்கெழுதுவதில் பயனில்லை. கழிப்பறைப் படி ஒன்றரை அடி உயரம் இருந்தால் அதை இரண்டாகப் பிரித்துக் கட்ட வேண்டும். ஊர்க்கொத்தனார் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலை இது. இனிப் புதிதாகக் கட்டும் எந்தக் கழிப்பறைக்கும், எந்தத் தொகுப்பு வீட்டிற்கும், தொடக்கத்திலேயே இதைச் சேர்த்துவிட்டால் செலவு கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது குளிக்கும் இடம். முதலில் நழுவும் செயல் குளியல் என்று கண்டோம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்குழாய் வந்த இடங்களிலும், குழாய் தெருவாசலில் நிற்கிறது; குளிப்பது புறவாசலில். நடுவில் குடத்தைச் சுமப்பவர் யார்? குழாயை நான்கு முழம் நீட்டி, சொரசொரப்பான கல்லைப் பாவி, உட்கார ஒரு முக்காலி போட்டால், மருமகள் கையை எதிர்பார்த்திருந்த மாமியார் தாமே குளித்துக்கொள்வார். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் மண் கால்வைத்த இடமெல்லாம் வழுக்குவதை நாம் அறிவோம். ஐப்பசிக்கு முன்னரே நடைபாதையில் நாலு வண்டிச் சரளை கொட்டுவது மருத்துவமனைச் செலவைவிடச் சிக்கனம். ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் படிகளுக்குக் கைப்பிடி உண்டா என்று உறுப்பினர்கள் இந்த வாரமே பார்த்துவிடலாம்.

கால் நன்றாயிருந்தும் கண்ணால் முடங்குபவர் பலர். இரவில் கழிப்பிடம் செல்ல அஞ்சுகிறார். மருந்துப் பட்டையை மாற்றிப் பிரிக்கிறார். கண்புரையாயின் ஒரு சிறு அறுவையில் இந்த இயலாமை முற்றும் நீங்கிவிடும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது; கிராமங்களில் முகாம் நடத்திப் புரையுற்றவரை அழைத்துச் சென்று பார்வை தந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். "இனி எனக்கெதற்குக் கண்?" என்று மறுக்கும் முதியவரை முகாம் வண்டியில் ஏற்றிவிடுவது உறுப்பினர் செய்யத்தக்க பணி.

இங்கே குடும்பத்தாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்பில்லாத வீடுகளை விட்டுவிடுவோம். அவற்றிற்குச் சட்டம் உண்டு. அன்புள்ள வீடுகளிலும் ஒரு தவறு நடக்கிறது. தந்தை ஒருமுறை தடுக்கி விழுந்தால், ஆட்டை விற்றுவிடுகிறார்கள். கம்பை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான சொல். ஆனால் அந்த ஆடுகளின் பின்னே நடந்ததுதான் அவர் காலுக்கு வலிமை. பூக்கட்டியதுதான் அம்மையின் விரலுக்கு மருந்து. நம் ஊர் ஆடித்தபசை ஒட்டிக் கோயிலைச் சுற்றும் ஆடிச்சுற்றை எண்ணிப் பாருங்கள். 101 சுற்று சுற்றிய அம்மையார் ஒருவருக்கு இவ்வாண்டு அவ்வளவும் இயலாவிட்டால் பத்துச் சுற்று சுற்றட்டும். சுற்றே வேண்டாம் என்று வீட்டில் அமர்த்திவிட வேண்டாம். கையைப் பிடித்து எழுப்பிவிடுவதைக் காட்டிலும், எழ முயலும் வரை அருகில் நின்று பொறுத்திருப்பது கடினமான தொண்டு.

அரசின் உதவிகளையும் இந்த நோக்கிலேயே பயன்படுத்த வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிற்கே மாத்திரை கொண்டுவருவது என்றே பலர் அறிந்திருக்கின்றனர். வீட்டிற்கு வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும், படுக்கையிலிருப்போரைப் பேணுவதும் அத்திட்டத்தில் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டவை. நாம் இதைக் கேட்டுப் பெறுவது குறைவு. பக்கவாதத்திலோ எலும்பு முறிவிலோ ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், அந்த வாரத்திலேயே தன்னார்வலருக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் மூட்டு இறுகிவிடும். 2017 ஏப்ரலில் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல்செட் ஆகியவை வழங்க வகை செய்யப்பட்டது. முகாமில் வாங்கிவந்த வாக்கர் துணி காயப்போடும் கொடியாக மாறிவிடுவதும் உண்டு. உயரம் சரியாயில்லை என்பதே பெரும்பாலும் காரணம். திருகாணியைக் கழற்றி உயரத்தைச் சரிசெய்யச் சைக்கிள் கடைக்காரர் போதும்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியோர் வீட்டிற்கே ரேஷன் பொருள் கொண்டுசெல்ல வகை செய்தது. நடக்க இயலாதவருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நடக்க இயன்றவர், பொருள் வீட்டிற்கு வந்துவிடுவதால் தெருவிற்கே வராமல் போய்விடக் கூடாது. கடைக்குப் போகும் நடையும், அங்கே நான்கு பேரிடம் பேசும் பேச்சும் அவருக்கு அரிசியைப் போலவே தேவை. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட உதவித்தொகைக்கும் ஒரு குறை உண்டு. ஒருமுறை ஆணை வழங்கியபின் அந்த மனிதரின் நிலை என்னாயிற்று என்று கோப்பு கேட்பதில்லை. அவர் எழுந்தாரா, விழுந்தாரா என்பதைக் கோப்பு அறியாது; அடுத்த வீட்டுக்காரரும் வார்டு உறுப்பினருமே அறிவர்.

ஆகவே ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நாட்கள் உள்ளனவன்றோ? ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய வாரத்தில் உறுப்பினரோ, மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவரோ வீட்டிற்குச் சென்று அந்த ஆறு செயல்களையும், கடைக்குச் செல்கிறாரா என்பதையும் கேட்டு, "தாமே", "துணையுடன்", "இயலவில்லை" என்னும் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். முதியவரிடமே கேட்க வேண்டும். மகனிடம் கேட்டு எழுதிவிடக் கூடாது. அம்மையார்களிடம் பெண் உறுப்பினரே கேட்பது நலம். "தாமே" என்றிருந்தது "துணையுடன்" என்று மாறிய பக்கத்தின் ஓரத்தில், இடைப்பட்ட இரு மாதத்தில் நடந்ததென்ன என்று எழுதுங்கள்: காய்ச்சலா, விழுந்தாரா, துணையை இழந்தாரா, மகன் வெளியூர் போனானா? அந்த ஒரு வரிதான் நமக்கு வேண்டுவது. "இயலவில்லை" என்பது "தாமே" என்று மாறிய பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள். மற்ற ஊர்களுக்கு அது பயன்படும்.

பெயர்களைக் கிராமசபையில் படிக்கலாகாது. சிறுநீர் அடங்காத செய்தி தெருவிற்கு வந்தால் அந்த முதியவர் மறுமுறை உண்மை சொல்ல மாட்டார். சபையில் எண்ணிக்கை மட்டும் போதும்: எத்தனை பேர் தளர்ந்தனர், எத்தனை பேர் மீண்டனர், எத்தனை வீட்டில் கைப்பிடி வைக்கப்பட்டது.

இதற்கான மாதிரிப் பக்கம் ஒன்று அச்சிட்டு வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பஞ்சாயத்திற்கும் வார்டுக்கு ஒன்று வீதம் வாங்கிச் செல்லுங்கள். கைப்பிடிக் குழாயின் உயரமும் நீளமும் அதன் பின்புறத்தில் படமாக வரையப்பட்டுள்ளன. கொத்தனாரிடம் அப்படியே காட்டலாம். முதற்பதிவை வரும் கிராமசபைக்கு முன் முடித்து, எண்ணிக்கைத் தாளை மட்டும் அலுவலகத்திற்கு அனுப்புங்கள். நோட்டுப் புத்தகம் ஊரிலேயே இருக்கட்டும்.